அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் கடந்த சில கல்வியாண்டுகளாகப் பெற்றுவரும் பணியிடைப் பயிற்சிகளைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். இந்தப் பயிற்சிக்கு ஆசிரியர் பணம் கட்டுவதில்லை. ஆனாலும் இதற்கு மக்களின் வரிப்பணம் செலவாகிறது. அதைவிடப் பெரிய செலவு, ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் பிள்ளைகள் இழக்கும் பாடவேளை. ஆகவே இது தரமாக நடக்கிறதா என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு மட்டுமன்றிப் பெற்றோருக்கும் உண்டு. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற நோக்கில் எழுதுகிறேன்.

பயிற்சியை எதைக்கொண்டு அளப்பது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் ஆசிரியர்மீது ஒரு கடமையை வைத்துள்ளன. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், உடல்ரீதியான தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படுவோருக்குக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்று 24ஆம் பிரிவில் பணிக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அத்தகைய குழந்தைகளையும் நம் வகுப்பறைக்குள் சேர்த்துக் கற்பிக்கச் சொல்கிறது. இவற்றோடு, 2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையும் சேர்ந்துள்ளது. இத்தனை கடமைகளும் ஆசிரியரை வந்தடையும் வழி பயிற்சி ஒன்றுதான். சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு எவரும் வகுப்புக்குள் நுழைவதில்லை. எனவே, பயிற்சி முடிந்து பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியரால், சட்டம் கேட்பதை அடுத்த வாரமே தன் வகுப்பில் செய்ய முடிகிறதா என்பதே என் அளவுகோல்.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக்கான ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் தேரூரில் உள்ளது. அகஸ்தீஸ்வரம் முதல் முஞ்சிறை, மேல்புறம் வரையுள்ள ஒன்பது ஒன்றியங்களிலும் வட்டார வள மையங்கள் இயங்குகின்றன. அவற்றின் கீழ், அருகருகே உள்ள சில பள்ளிகளைச் சேர்த்துக் குறுவள மையங்கள் உள்ளன. மாநில அளவில் பயிற்சி பெற்ற கருத்தாளர்கள் மாவட்டத்தில் சிலருக்குக் கற்பிக்க, அவர்கள் ஒன்றிய அளவில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். இந்தப் படிநிலையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோ ஒன்று உதிர்ந்துவிடுகிறது. சென்னையில் செய்து காட்டப்பட்ட ஒரு செயல்பாடு, மாவட்டத்தில் காணொளியாகி, ஒன்றியத்தில் திரையில் ஓடும் நான்கு வரிக் குறிப்பாகி எங்களை வந்தடைந்ததை ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். இது கருத்தாளரின் குறை என்று நான் கருதவில்லை. அவரும் நம்மைப் போல் வகுப்பெடுத்துக்கொண்டே இந்தக் கூடுதல் பொறுப்பைச் சுமக்கிறவர்.

நான் பெற்ற பயிற்சிகளில் தலைசிறந்தது எண்ணும் எழுத்தும் திட்டத்துக்கான பயிற்சிதான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கொரோனாக் காலத்துப் பள்ளி மூடலால் எழுத்தும் எண்ணும் பிடிபடாமல் போன பிள்ளைகளுக்காக 2022 ஜூன் மாதம் 1 முதல் 3 வகுப்புகளுக்குத் தொடங்கப்பட்ட இத்திட்டம், அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் விரிவுபெற்றது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்து, ஒரே வகுப்பறையில் மூன்று நிலையினருக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுப்பது இதன் உயிர்நாடி. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இதைச் செய்வது எளிதன்று. அரும்பு நிலைப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து எழுத்தட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது மலர் நிலைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பயிற்சி நூலை முடித்துவிட்டு எழுந்து நிற்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தை எப்படி நாற்பது நிமிடமாக்குவது என்பதைத்தான் பயிற்சி கற்றுத்தர வேண்டும், கற்றும் தந்தது.

குறிப்பாக ஒரு கருத்தாளரை நன்றியோடு நினைக்கிறேன். கடன் வாங்கிக் கழித்தலைக் கற்பிக்க அவர் கரும்பலகையின் பக்கமே போகவில்லை. தென்னை ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிய கட்டுகளையும் சில உதிரிக் குச்சிகளையும் எங்கள் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, 42இலிருந்து 17ஐ எடுக்கச் சொன்னார். இரண்டு உதிரிக் குச்சிகளிலிருந்து 7ஐ எடுக்க முடியாமல் கை தயங்கும் அந்த நொடியில், ஒரு கட்டைப் பிரிக்க வேண்டும் என்பது நமக்கே தோன்றுகிறது. பல ஆண்டுகளாக ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்று சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் பலர் அன்று அந்த அறையில் இருந்தனர். மறுவாரம் என் வகுப்பில் அதையே செய்தேன். கழித்தல் என்றாலே அழத் தொடங்கும் சிறுவன் ஒருவன் தானாகக் கட்டைப் பிரித்தான். அந்தக் கருத்தாளர் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் அதே வகுப்புகளைக் கையாள்பவர் என்பதும், நேற்று தன் வகுப்பில் செய்ததையே இன்று எங்களிடம் செய்து காட்டினார் என்பதும் இந்தப் பயிற்சி நிலைத்ததற்குக் காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. வட்டார வள மையத்தின் ஆசிரியப் பயிற்றுநர் பின்னர் பள்ளிக்கு வந்து, வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, மலர் நிலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த வேலை போதாது என்று எடுத்துச் சொன்னார். பயிற்சி அரங்கில் கேட்ட எல்லாவற்றையும்விட அந்த ஒரு பார்வை எனக்கு அதிகம் பயன்பட்டது.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் பயிற்சி, ஒவ்வொரு கட்டத்துக்கும் வளரறி மதிப்பீடு (கற்றலின் போக்கிலேயே செய்யும் மதிப்பீடு), அதைச் செயலியில் பதிவேற்றுதல் என்று போகும்போது, கற்பிக்கும் நேரத்தைப் பதிவேற்றும் நேரம் தின்றுவிடுகிறது. மலையோரப் பள்ளிகளில் இணையம் கிடைக்காமல் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போய் இரவில் பதிவேற்றுகிறார்கள். இருந்தும் இந்தப் பயிற்சியை நான் முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

எதிர்முனையில் நிற்பது குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய பயிற்சி. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். நான் பெற்றவற்றில் மிக மோசமாக நடத்தப்பட்டதும் இதுதான். ஒரு முற்பகலுக்குள், வேறு இரண்டு தலைப்புகளுக்கு நடுவே, சட்டப் பிரிவுகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டன. குழந்தைகளுக்கான 1098, பள்ளிக் கல்விக்கான 14417 ஆகிய உதவி எண்கள் எழுதிக்கொள்ளச் சொல்லப்பட்டன, உறுதிமொழி எடுத்துக்கொண்டோம், வருகைப் பதிவேட்டில் கையொப்பமிட்டோம். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஓர் ஆசிரியை எழுந்து, “சாரே, ஒரு பிள்ளை வந்து நம்மட்ட சொல்லியதுன்னு வையுங்க, அந்த நேரம் நாம அதுக்கிட்ட என்ன பேசணும்?” என்று கேட்டார். அன்று கேட்கப்பட்டவற்றில் உண்மையான கேள்வி அதுதான். தலைமையாசிரியரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற பதிலோடு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பதில் போதாது என்பதோடு, ஆபத்தானதும்கூட. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, தகவலை உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்கச் சொல்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதால் ஆசிரியரின் கடமை முடிந்துவிடுவதில்லை. தெரிவிக்கத் தவறினால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க 21ஆம் பிரிவு இடம் தருகிறது; தன் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அது ஓராண்டு வரை நீளும். குற்றம் செய்தவர் கல்வி நிறுவனத்தின் ஊழியராக இருந்தால் சட்டம் அதை இன்னும் கடுமையான குற்றமாகப் பார்க்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற அழுத்தம் எழும் இடங்களில் ஆசிரியரைத் தாங்கி நிறுத்த வேண்டிய அறிவு இது. பிள்ளையிடம் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கக் கூடாது, ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று காக்க முடியாத வாக்குறுதியைக் கொடுக்கக் கூடாது, பிள்ளை சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும், அந்தப் பெயர் ஆசிரியர் அறைப் பேச்சில் அடிபடக் கூடாது: இவற்றை நடித்துப் பார்த்து, தவறிப் பார்த்து, திருத்திக்கொண்டு பழக வேண்டும். ஈர்க்குச்சியைக் கையில் கொடுத்துக் கழித்தல் கற்பிக்கத் தெரிந்த அமைப்புக்கு இதையும் அவ்வாறே கற்பிக்கத் தெரியும் என்று நம்புகிறேன். அதற்கான நேரத்தை ஒதுக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

தண்டனை பற்றிய பகுதியும் இதே நிலைதான். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவன் மற்றொருவனைக் கல்லால் எறிந்தபின், குச்சியை எடுக்காமல் அடுத்த பத்து நிமிடங்களை எப்படி நடத்துவது என்பதுதான் தெரியாது. அதைக் கற்றுத்தராத பயிற்சி, ஆசிரியரைக் கண்டும் காணாமல் இருக்கவே பழக்கிவிடுகிறது. அதனால் அடிபட்ட பிள்ளைக்கும் நியாயம் கிடைப்பதில்லை, எறிந்த பிள்ளையும் திருந்துவதில்லை.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான அமர்வுகளைச் சிறப்புப் பயிற்றுநர்கள் நடத்துகிறார்கள். அவை அளவில் சிறியவை, தரத்தில் நல்லவை. எழுத்துகளை இடம் மாற்றி எழுதும் பிள்ளையைச் சோம்பேறி என்று முத்திரை குத்தாமல் கற்றல் குறைபாட்டின் அறிகுறியாகப் பார்க்க அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குறையைச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தாய்த் தமிழகத்தோடு இணைந்த குமரியில், எல்லையோரக் கிராமங்களில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இன்றும் உண்டு. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006 வழியாக, 2006–07ஆம் கல்வியாண்டின் 1ஆம் வகுப்பிலிருந்து தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்குத் தமிழை முதல் மொழிபோலக் கற்பிப்பதா, இரண்டாம் மொழிபோலக் கற்பிப்பதா என்பது இங்கு பணிபுரியும் ஆசிரியருக்குத் தினசரிச் சிக்கல். பேச்சிப்பாறைப் பக்கம் காணி மக்களின் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள், தூத்தூர்ப் பகுதிபோல ஆழ்கடல் தொழிலுக்குத் தந்தையர் வாரக்கணக்கில் போய்விடும் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் என்று, ஒரே மாவட்டத்துக்குள் பள்ளிக்குப் பள்ளி தேவை மாறுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் பெற்ற மாவட்டம் என்பதால், இங்கே சிக்கலே இல்லை என்று எண்ணிவிடுகிறார்களோ என்று தோன்றுகிறது. நான் கலந்துகொண்ட எந்தப் பயிற்சியிலும் மாநிலம் முழுவதற்குமான ஒரே கையேடுதான் இருந்தது. இந்த வேறுபாடுகளுக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. தேரூரில் உள்ள நிறுவனத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இது: மாநிலக் கையேட்டோடு சேர்த்து வாசிக்க, குமரிக்கென்று ஒரு சிறு இணைப்பை எல்லைப்புற, மலையோர, கடற்கரைப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே எழுதித் தர வேண்டும்.

இப்போது எல்லா ஆசிரியர் அறைகளிலும் பேசப்படுவது தகுதித் தேர்வு. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணி ஓய்வுக்கு 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் 2 ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். 5 ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்குத் தேர்ச்சி வேண்டும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு இது பொருந்துமா என்ற கேள்வி பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது. கிறிஸ்தவ நிர்வாகங்களின் உதவிபெறும் பள்ளிகள் நிறைந்த நம் மாவட்டத்தில் அந்த ஒரு கேள்வியே பல குடும்பங்களின் கவலை. தமிழ்நாடு அரசு சீராய்வு மனுத் தாக்கல் செய்தது. தகுதித் தேர்வு என்ற ஒன்று தமிழ்நாட்டில் முதன்முதலாக நடந்ததே 2012இல்தான்; அதற்கு முன் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் பணியேற்றவர்கள் பலர், பணியேற்றபோது இல்லாத ஒரு தேர்வுக்காக இரவில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கிறார்கள்.

தீர்ப்பின் சரி தவறுகளைப் பேச இது இடமன்று. பயிற்சி என்ற சேவையின் பார்வையில் பார்த்தால், இங்கே ஒரு பெரிய வெற்றிடம் இருக்கிறது. தகுதித் தேர்வில் 1 முதல் 5 வகுப்பு ஆசிரியர்களுக்கான முதல் தாள் 150 மதிப்பெண்களுக்கானது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம் 30, சூழ்நிலையியல் 30. இவற்றுள் குழந்தை வளர்ச்சி, கற்பித்தல் முறை ஆகியவை பணியிடைப் பயிற்சியின் பொருளேதான். நாங்கள் ஆண்டுதோறும் உட்காரும் அதே அமர்வுகளை, அந்தப் பாடப்பகுதியை ஒட்டிச் சற்று ஒழுங்குபடுத்தி நடத்தினால், பயிற்சியும் நடந்துவிடும், தேர்வுக்கும் கை கொடுக்கும். எங்கள் ஒன்றியத்தில் அப்படி எதுவும் நடப்பதை நான் காணவில்லை. ஆசிரியர்கள் தனியார் மையங்களுக்குப் பணம் கட்டுகிறார்கள். அங்கே கேள்வித்தாளைக் கடக்கச் சொல்லித்தருகிறார்கள், அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் முறையாகாது.

பயிற்சி நடக்கும் இடம், வசதி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலும் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள ஏதேனும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நடக்கிறது. குடிநீர், கழிப்பறை, மின்விசிறி எல்லாம் ஒருவாறு உண்டு. தேநீரும் மதிய உணவும் குறை சொல்லும்படி இல்லை. மலையோரத்திலிருந்து வருபவர்கள் இரண்டு பேருந்து மாற வேண்டியிருப்பதால் காலை அமர்வின் முதல் அரைமணி நேரம் வீணாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் நீளும். பயிற்சியைச் சனிக்கிழமையில் வைத்தால் ஆசிரியரின் விடுமுறை போகிறது, வேலை நாளில் வைத்தால் ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் தனியாக ஐந்து வகுப்புகளையும் பார்க்க வேண்டியதாகிறது. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்லியிருக்கும்போது, மாற்றுப்பணி ஏற்பாடு இல்லாமல் வேலை நாளில் பயிற்சி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இணையவழிப் பயிற்சிகளை நான் பரிந்துரைக்கவில்லை. காணொளியை ஓடவிட்டு, இறுதியில் வரும் வினாக்களுக்கு விடையளித்தால் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பணி மேம்பாடு வேண்டும் என்கிறது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்றாலும், மணிக்கணக்கில் பயிற்சியை அளக்கும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் திரைமுன் இருந்தார் என்பது அவர் வகுப்பைப் பற்றி எதையும் சொல்லாது.

நிதி பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். வட்டார வள மையங்களும் பயிற்சிகளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதத்தில் நடப்பவை. பி.எம். ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததைக் காரணம் காட்டி 2024–25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. மாநில அரசு தன் பணத்தைக்கொண்டு சமாளித்தது. ஆசிரியர் பயிற்சியையும் சிறப்புப் பயிற்றுநர் சம்பளத்தையும் தாங்கும் பணத்தை ஓர் ஒப்பந்தத்துக்கு ஈடாகப் பிடித்து வைப்பது, பிள்ளைகளின் பாடவேளையைப் பிடித்து வைப்பதற்குச் சமம் என்றே கருதுகிறேன்.

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு: எண்ணும் எழுத்தும் பயிற்சியை ஒரு நாளும் தவறவிடாதீர்கள், கருத்தாளர் தரும் துணைப்பொருளை அங்கேயே கையால் செய்து பாருங்கள். குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சியை மட்டும் நம்பி இருந்துவிடாமல், போக்சோ சட்டத்தின் 19, 21ஆம் பிரிவுகளைத் தமிழில் முழுமையாக வாசித்துக்கொள்ளுங்கள். ஆசிரியப் பயிற்றுநர் பள்ளிக்கு வரும்போது பதிவேடுகளை நீட்டாமல், உங்களுக்குச் சிக்கலாக இருக்கும் பாடத்தை அவர் முன்னிலையில் நடத்துங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் வைத்ததே நீங்கள் கேள்வி கேட்பதற்காகத்தான். மாதக் கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றிக் கேட்பதோடு, இந்த மாதம் எங்கள் டீச்சர் எந்தப் பயிற்சிக்குப் போனார், அன்று வகுப்பை யார் பார்த்தார், பயிற்சிக்குப் பிறகு வகுப்பைப் பார்க்க யாராவது வந்தார்களா என்று கேளுங்கள். கேட்ட கேள்வியைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பயிற்சி முடிவில் எங்களிடம் தரப்படும் பின்னூட்டப் படிவம், அரங்கம் எப்படி இருந்தது, கருத்தாளர் தெளிவாகப் பேசினாரா என்றுதான் கேட்கிறது. வகுப்பறையில் அது நடந்ததா என்று கேட்கும் படிவம் இன்னும் எங்களுக்கு வரவில்லை. அது வரும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர்கள் பெற்றோராகிய நீங்கள்தான்.